கழுத்தில் ஒட்டியிருந்த பட்டு இழை

போன ஆவணி மாதம் நடந்தது இது. ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் தடய மருத்துவத்தில் எம்.டி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் ஊர் ஆரணி. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா தறிக்காரர்களுக்குத் தார் சுற்றித் தருகிறாள். சிட்டமாக, அதாவது வளையக் கற்றையாக வரும் பட்டு நூலை, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும் சின்னக் குச்சிகளில் ராட்டை வைத்துச் சுற்றிக் கொடுக்கும் வேலை அது. இருவருமே பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பையன் டாக்டர் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம், நான் பார்ப்பது செத்தவர்களை மட்டும்தான் என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது. சொன்ன அன்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி விடு, அவங்களுக்கும் ஒருத்தர் வேணும்தானே" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை காலை மார்ச்சுவரிக்கு ஓர் இளம்பெண்ணின் உடல் வந்தது. போலீஸ் தந்த விவரத்தில் ஆரணி என்று பார்த்ததும் முகவரியைப் படித்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அம்மா தார் சுற்றித் தரும் வீட்டு மருமகள். பண்டிகைக்கு ஊருக்குப் போனபோது ஒருமுறை அம்மாவைத் தேடி அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். தறியில் உட்கார்ந்தபடியே, "உங்கம்மா இப்பதான் போனாங்க அண்ணா" என்று சொன்ன பெண். அவ்வளவுதான் பழக்கம்.

எங்கள் இணைப் பேராசிரியர் மேடத்திடம் உடனே சொன்னேன்.

"சொந்தமா?"

"இல்லைங்க மேடம். தெரிஞ்சவங்க."

"அப்ப கத்தியைத் தொடாத. பக்கத்துல நின்னு நான் சொல்றத எழுது."

கல்யாணமாகி மூன்று வருஷம். ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. முந்தின நாள் காலையில் தறியில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள் என்பது கணவன் வீட்டார் சொன்னது. தேவிகாபுரத்துப் பக்கம் இருந்து வந்த அண்ணன், தங்கையைக் கட்டிக்கொண்டு அழக் குனிந்தபோது கழுத்தில் ஒரு கோட்டைப் பார்த்திருக்கிறார். சாவு வீடு அந்த நொடியே சண்டை வீடாகி, போலீஸ் வந்துவிட்டது.

அந்தக் கோட்டை நாங்களும் பார்த்தோம். தாடைக்குச் சற்றுக் கீழே, காய்ந்த பழுப்பு நிறத்தில் மெல்லிய பள்ளம். இரண்டு பக்கமும் மேல்நோக்கி ஏறி, காதுகளுக்குப் பின்னால் போய், முடிக்குள் மறைந்தது. இடது காதுக்குப் பின்னால் மட்டும் ஒன்றாக இருந்த கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. இந்தப் படிப்புக்கு வந்த முதல் மாதத்திலேயே இப்படிப்பட்ட கோட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறோம். தூக்கில் தொங்கியவர்களின் கழுத்தில் கோடு இப்படித்தான் மேல்நோக்கி ஏறும். தலையைச் சுற்றி அகலமான வெள்ளைத் துணியில் வாய்க்கட்டு கட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்த அகலத் துணியால் இவ்வளவு மெல்லிய பள்ளம் விழாது. அதை அவிழ்த்து ஓரமாக வைத்தோம்.

மேடம் அந்தப் பள்ளத்தின் மேல் ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்தார். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது அதில் ஒரே ஓர் இழை. அரக்கு நிறம். பட்டு.

அந்த வீட்டுத் தறியில் மேலிருந்து இறங்கும் கயிறுகள் ஞாபகத்துக்கு வந்தன. முறுக்கினால் பட்டு எவ்வளவு எடையைத் தாங்கும் என்று ஆரணிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இழையைப் பற்றி இன்ஸ்பெக்டரிடம் சொல்ல மேடம் என்னை வெளியே அனுப்பினார். மர நிழலில் அவளுடைய அண்ணன் நின்றிருந்தார். "மூணு வருஷமா புள்ள இல்லன்னு பேஜார் பண்ணிகினே இருந்தாங்க சார். தூக்குல மாட்டி எறக்கிட்டு, நெஞ்ச புடிச்சிகினு சாஞ்சிட்டான்னு எனக்கே போன் பண்றானுங்க." சற்றுத் தள்ளி, காவலர் பக்கத்தில், கணவன் தரையில் குந்தியிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர் இருப்பார். இன்ஸ்பெக்டர் அவரிடம், "பட்டு நூலு ஏதாச்சும் கட்டினீங்களாய்யா உடம்புல?" என்றார்.

"இல்லீங்க."

"எங்கயும்?"

"பட்டே படலீங்க சார்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தார்க்கார அம்மாவின் மகன் என்று அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பொய் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அதில் நான் தப்பாகவும் இல்லை. அவர் பொய்தான் சொன்னார்.

உள்ளே விஷயம் வேறு மாதிரி இருந்தது. கழுத்துத் தசைகளில் ரத்தக் கசிவே இல்லை. எலும்பு முறியவில்லை. இதயத்தைத் திறந்ததும் மேடம் விளக்கை அருகே இழுத்தார். ஒரு வால்வு இறுகிக் கெட்டியாகி, சட்டைப் பொத்தான் துளை அளவுக்கே வழி விட்டிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் மூட்டுகளைத் தொட்டு, இதயத்தில் போய்த் தங்கிவிடும் நோய். இரண்டு வீட்டாருமே அவளுக்கு எந்த நோயும் கிடையாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"அப்போ இயற்கை மரணம்தானே மேடம்?" என்றேன்.

"இதய நோய் இருக்கிறவள தூக்குல மாட்ட முடியாதா? சில பேருக்குத் தொங்கினாலும் தசையில ரத்தம் கசியாது. அந்த இழை எப்படி வந்துச்சுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மறுநாள் மேடம் ஆரணிக்கே கிளம்பினார். தெரு தெரியும் என்பதால் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். கணவர் அப்போதும் ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருந்தார். "சாயங்காலத்துக்குள்ள வாயத் தொறக்கலேன்னா கேஸ் போட்டு அனுப்பிடுவேன் மேடம்" என்று இன்ஸ்பெக்டர் வழியிலேயே சொல்லிவிட்டார். பொண்டாட்டியைக் கொன்றவன் என்று பெயர் ஒட்டிவிட்டால், பின்னால் விடுதலையே ஆனாலும் எங்கள் ஊரில் அவனுக்கு யார் நெய்யப் பாவு நூல் கொடுப்பார்கள்?

அந்தத் தெருவில் இறங்கியதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருவர், "இன்னா டாக்டரே, சொந்தத் தெருவையே அறுக்க வந்துட்டியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

தறியில் பாதி நெய்த புடவை அப்படியே நின்றது. அரக்கு நிறம். மேடம் கயிறுகளை, உத்தரத்தை, நெய்பவர் கால் வைக்கும் குழியை எல்லாம் அளந்து படம் எடுக்கச் சொன்னார். மாமியார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நேற்று மண்ணில் வைத்த மருமகளுக்காக அழுது குரல் போயிருந்தது. ஆனால் மேடம் தறிப்பக்கம் கத்தரிக்கோலோடு போனதும் அவர் எழுந்து ஓடிவந்தார்.

"அத்த மட்டும் தொடாதீங்கம்மா! முகூர்த்தப் பொடவ. வெள்ளிக்கெழம குடுக்கணும்."

"கொஞ்சம் நூல்தான்மா வேணும்."

"வேணாம்மா. உங்க கால்ல வுழறேன். வேற எது வேணா எடுத்துக்குங்க."

வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது, மகன் ஸ்டேஷனில் இருக்கிறான், இவருக்குப் புடவைதான் பெரிதா? மேடம் என்னைப் பார்த்தார். நானும் அதையேதான் நினைத்தேன். இழை எடுத்தோம். குறுக்கே ஓட்டும் ஊடு நூல் சிட்டம் எங்கே என்று கேட்டதற்கு, "தீந்துபோச்சி" என்றார் அந்த அம்மா. பாதிப் புடவையில் ஊடு நூல் எப்படித் தீரும்? நெய்யக் கொடுக்கும் முதலாளி நூலை எடை போட்டுத்தானே கொடுப்பார்? என் சந்தேகம் முழுதாக உறுதியானது. எந்த நூலால் செய்தார்களோ அதை ஒளித்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். "போய் உங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டு வா" என்று மேடம் என்னை அனுப்பினார்.

அம்மா ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் நிலைப்படியில் நின்றதைப் பார்த்ததும், மடியில் கிடந்த நூலை முந்தானையால் மூடினாள்.

"இன்னா கண்ணு, சொல்லாமக் கொள்ளாம வந்துகினு? கை கழுவு, சோறு போடறேன்."

"அது இன்னா நூலும்மா?"

"நூலுதான். நீ ஒக்காரு."

நான் உட்காரவில்லை. முந்தானையை விலக்கினேன். அரக்கு நிறச் சிட்டம். கயிறு போல முறுக்கப்பட்ட தடம் இன்னும் பிரியாமல், ஒரு பக்கம் முழுக்க நெளிநெளியாக இருந்தது. மஞ்சள் தண்ணீரின் வாசனை வந்தது.

அந்த இடத்தில் நான் மகனாக நின்றேன் என்று சொன்னால் அது பொய். யாருக்காக இதை ஒளிக்கிறாள், எவ்வளவு தெரியும், எப்போதிருந்து தெரியும் என்று மனசு வரிசையாகக் கேள்வி போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் துறையில் வெளியே நிற்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கிற அதே கண்ணால் அம்மாவைப் பார்த்தேன்.

"இதால யாரு என்னா பண்ணாங்க?"

அம்மா ராட்டையை நிறுத்தினாள். "நான்தான் கட்டினேன்" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். அன்று காலை சுற்றிய தாரைக் கொடுக்க அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாசலிலேயே அலறல். பையன் ஆட்டோ பிடிக்க ஓடிக்கொண்டிருந்தான். உள்ளே மருமகள் குழியோரம் கிடக்கிறாள், மாமியார் நெஞ்சை நீவிக்கொண்டிருக்கிறார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார்.

"வாய் தொறந்துகினே இருந்துச்சிடா. சின்னப் புள்ள. தெரு ஜனம் மொத்தம் வந்து எட்டிப் பாக்கப் போவுது. ஒடம்பு வெறச்சிப் போறதுக்குள்ள கட்டணும். அந்த அம்மாவுக்கு கையும் ஓடல, காலும் ஓடல. எனக்கு கைக்கு எட்டினது தறிமேல தொங்கின சிட்டந்தான். முறுக்கிக் கட்டிட்டேன்."

வெகுநேரம் கழித்து மாமியார் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பார்த்தவர் அலறவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, "அக்கா, முகூர்த்தப் பட்டுக்கா அது" என்றிருக்கிறார். அதற்குள் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. வெள்ளைத் துணி தேடி எடுத்து மாற்றிக் கட்டினார்கள். சிட்டத்தை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பி வந்த பையனையும் சேர்த்து மூன்று பேருக்குள் பேச்சு: இது வெளியே போகக் கூடாது. பிணத்தின் வாயைக் கட்டிய பட்டு கல்யாணப் புடவையில் ஓடியது என்று தெரிந்தால், அந்தத் தறிக்கு ஆரணியில் இனி யாரும் பாவு தரமாட்டார்கள்.

"அலசிக் காயவெச்சி, தார் சுத்திக் குடுத்துடலாம்னு இருந்தேன். பட்டுக்குத் தீட்டு இல்லன்னு சொல்லுவாங்க."

"உனுக்கு ஒரு பொண்ணு இருந்தா, அவ கல்யாணத்துக்கு இத்தக் கட்ட வெப்பியாம்மா?"

அம்மா சிட்டத்தைத் தடவினாள். "மாட்டேன்" என்றாள் கடைசியில்.

"அவரு பட்டே படலன்னு போலீஸ்ல சொல்லிகினு இருக்காரு. தூக்குல மாட்டினாருன்னு உள்ள தள்ளப் போறாங்க. உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினா சும்மா இருக்க?"

அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ இருக்கியே அங்க. கொல்லாதவன எப்பிடிப்பா உள்ள வெப்பாங்க? அறுத்துப் பாத்தா தெரியாது? அதுக்குத்தானே உன்ன அத்தினி வருஷம் படிக்க வெச்சோம்?"

ஆனால் சந்தேகம் ஒரு தடவை புகுந்துவிட்டால் அவ்வளவு சீக்கிரம் வெளியே போவதில்லை. ஒருவேளை அந்த வீட்டைக் காப்பாற்ற அம்மாவே பழியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாளா? பெற்றவளைச் சோதிக்கிறோமே என்று வெட்கமாக இருந்தும் கேட்டேன்.

"எப்பிடிக் கட்டின, எனக்குக் கட்டிக் காட்டு."

கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. "உசுரோட இருக்கற புள்ளைக்கு வாய்க்கட்டு கட்டுவாளா பெத்தவ? புத்தி இருக்கா உனக்கு?"

"அப்ப கையாலயாவது காட்டு."

தன் முகத்தில் காட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பானையைக் காட்டி, காற்றில் விரலை ஓட்டினாள். தாடைக்கு அடியில் கொடுத்தது, காதுக்குப் பின்னால் ஏற்றியது, உச்சியில் முடிச்சு. "மொதல்ல வழுக்கிகினு கழுத்துக்கு எறங்கிடிச்சி. பட்டுதானே, நிக்கல. அதான் இந்தப் பக்கம் இன்னொரு சுத்து இழுத்துக் கட்டினேன்." அவள் விரல் காட்டியது பானையில் இடது காது வர வேண்டிய பக்கம்.

இடது காதுக்குப் பின்னால் இரட்டைக் கோடு இருந்தது மேடத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மா சொன்னது அத்தனையும் உண்மைதான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமா என்று கேட்டால், கொஞ்ச நேரம் அப்படியும் யோசித்தேன். சொன்னால் அந்த வீட்டுத் தறி நிற்கும், அம்மாவுக்கும் யாரும் நூல் தரமாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்த ஆள் உள்ளே போவார். அம்மாதான் எழுந்தாள். சிட்டத்தை ஒரு துணியில் முடிந்துகொண்டு, "வா, ஜல்தி. அந்தப் பையன் நேத்துலேந்து ஒண்ணும் துன்னல" என்றாள்.

மேடம் முழுக்கக் கேட்டார். பிறகு என்னிடம், "இந்த நிமிஷத்துலேர்ந்து இந்தக் கேஸ்ல நீ கிடையாது. ஜீப்புல போய் உட்காரு" என்றார். கண்ணாடி வழியாகத்தான் மிச்சத்தைப் பார்த்தேன். அம்மா சிட்டத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். மாமியார் வாசலுக்கு வந்து, "எங்க வாயில மண்ணப் போட்டுட்டியே அக்கா" என்று கத்தினார். அதே மூச்சில், "எம்புள்ளைய வுட்டுடுவாங்களா?" என்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆர்.டி.ஓ.விடமும் அம்மா போய்ச் சொன்னாள். வாக்குமூலத்தின் அடியில் கைநாட்டு வைத்தாள். நாங்கள் எடுத்த இழையும் சிட்டமும் ஒன்றுதான் என்று ஆய்வகம் பிறகு சொன்னது. மரணத்துக்குக் காரணம் இதய வால்வு என்று அறிக்கை போனது. அம்மா சிட்டத்தைக் கொடுத்த அன்று மாலையே கணவர் வீடு திரும்பியிருந்தார். பாதிப் புடவையை முதலாளி தறியிலிருந்து அறுத்து எடுத்துப் போய்விட்டார். அந்தத் தறி தை மாதம் வரைக்கும் நின்றது. அம்மாவின் ராட்டையும் கிட்டத்தட்ட அதுவரை சும்மாதான் கிடந்தது. இதுபற்றி அவள் ஒரு நாளும் என்னிடம் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டிக் காட்டு என்று நான் கேட்டதை மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, "பெத்தவளையே நம்பாத படிப்பு" என்று சிரிக்கிறாள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சில வாரம் கழித்து அந்த அண்ணன் எங்கள் துறை வாசலில் நின்றிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மச்சானைக் கொலைகாரன் என்றதற்கு வருத்தப்பட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இதயத்துல கோளாறுன்னு எழுதியிருக்காங்களாமே சார். அது கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சின்னு கண்டுபுடிக்க முடியுமா?"

எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவராகவே சொல்ல ஆரம்பித்தார். எட்டாவது படிக்கும்போது அவளுக்கு முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. அப்போதிருந்து மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி. விடாமல் போட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். வரன் பேச ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டார்கள். ஊசியும் அதோடு நின்றுவிட்டது. புகுந்த வீட்டில் அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். மூன்று வருஷம் அவள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். தறி மிதிக்கும்போது மூச்சு வாங்கினால், "சளி" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"சொல்லியிருந்தா எவன் சார் கட்டியிருப்பான்?" என்றார். அழவில்லை. என்னிடமிருந்து ஒரு பதில் வேண்டும் என்பது போல நின்றார். "அன்னிக்கி அந்தக் கோட்டப் பாத்ததும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாவே இருந்துச்சி சார். அவனுங்கதான் பண்ணிட்டானுங்க, நாங்க இல்லன்னு."

அவரைத் திட்டவும் எனக்கு வரவில்லை, தேற்றவும் வரவில்லை. மேடத்திடம் கூட்டிப் போய், சொன்னதை எழுதிக் கொடுக்கச் செய்தேன்.

அந்த வழக்கில் எனக்குக் கண்ணில் பட்ட ஒவ்வொரு பொய்யையும் நான் சரியாகவே சந்தேகப்பட்டேன். கணவரின் பொய், மாமியாரின் பொய், என் அம்மாவின் பொய். அவற்றால் யாருக்கும் ஒரு கீறல் கூட விழவில்லை. உயிரை எடுத்த பொய் மர நிழலில் நின்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கம் என் கண் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இப்போதெல்லாம் இளம்பெண்ணின் உடல் எங்கள் மேசைக்கு வந்தால், காயத்தைப் பார்க்கும் முன் வெளியே போய், அவளுக்காக மிகவும் சத்தமாக அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் அவளுக்கு என்னென்ன உடம்புக்கு வந்தது என்று கேட்கிறேன். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்துவிட்டால், அதற்காகவே மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு உள்ளே போகிறேன்.